முருகனுக்குப் போன லத்தீன் முடி

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் மருமகன் எவ்வளவு உயரத்தில் ஏறி நின்று பாடினான், அந்த உயரத்துக்கு ஏணி போட்டது யார் என்பது விளங்கும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரங்கூனில், அலோன் துறையில் அரிசி மூட்டை தூக்கினேன். எண்பத்தெட்டில் ஊர் கலங்கிப்போய், கப்பல் வராமல் கூலியும் நின்றபோது, கையில் காசிருந்தவன் எல்லாம் அரிசியும் எண்ணெயும் வாங்கி வீட்டில் அடுக்கினான். நான் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். நாட்டை விட்டுப் போகிற ஒருவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்.

"சோத்துக்கே வழியக் காணோம், மைக்செட் கேக்குதா உனக்கு?" என்று என் தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? ஊர் எப்படிக் கலங்கினாலும், அடங்கியதும் ஜனங்கள் கல்யாணம் பண்ணும், காது குத்தும், புத்தர் பகோடாவுக்கு நன்கொடை திரட்டும். அதற்கெல்லாம் சத்தம் வேண்டும். படித்தவன் யாருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அடுத்த பத்து வருஷத்தில் க்யிம்யிண்டைங்கிலும் அலோனிலும் எந்தத் தெருவில் சத்தம் கேட்டாலும் அது என் சத்தம்தான். மின்சாரம் போனால் ஊரே இருட்டில் உட்கார்ந்திருக்கும். என் ஜெனரேட்டர் மட்டும் உறுமும். பர்மாக்காரர்களும் என்னை மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் 'கலா' என்றார்கள். நம் இந்திய முகத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் அது. முதுகுக்குப் பின்னால் பேசுவது என் ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்குக் கேட்காது.

மருமகன் என்று நான் சொல்வது அந்தத் தங்கச்சியின் மகனை. அவன் அப்பா ரயில்வேயில் இருந்தவர், சின்ன வயதிலேயே போய்ச்சேர்ந்தார். அவர் விட்டுப்போன ஒரே சொத்து இவன் தலைமுடி. சுருள் சுருளாக, கட்டுக்கடங்காமல் தோளில் வந்து விழும். அதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் 'ஸ்பேர்' வேலை பார்த்தான். ரங்கூனில் கண்டக்டரை அப்படித்தான் சொல்வோம். வாசலில் தொங்கிக்கொண்டு, போகிற இடம் அத்தனையும் ஒரே மூச்சில் கத்த வேண்டும். அவன் கத்தினால் ஆற்றங்கரையில் நிற்கிறவனும் ஏற வந்துவிடுவான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், எங்கள் தெருக் கப்பல்காரர் ஒருவர் எங்கேயோ அமெரிக்காவுக்குக் கீழே இருக்கிற துறைமுகத்திலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்தார். அட்டையில் ஒரு கார், காரின் மேல் ஒரு பெண், பெண்ணின் மேல் துணி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. என் செட்டில் போட்டுக் கேட்டோம். டும்-ச்சக-டும்-ச்சக. முதல் பாட்டு முடிந்து இரண்டாம் பாட்டு வந்ததே எனக்குத் தெரியவில்லை. ரெக்கேட்டோன் என்றான் மருமகன். பேரே லாரி கியர் மாற்றுகிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பு இல்லை. தமிழ் பேசுவான், எழுத வராது. பர்மிய எழுத்தில் அந்தப் பாட்டுகளைக் காதில் விழுந்தபடியே எழுதி வைத்து மனப்பாடம் பண்ணினான்.

"இது என்ன பாஷைடா?"

"ஸ்பானிஷ் மாமா. லத்தீன்காரங்க பாடுறது."

"என்ன சொல்றான்?"

"தெரியாது மாமா."

"தெரியாமலா இப்படிக் கைய ஆட்டுற?"

"அவனும் இப்படித்தான ஆட்டுறான்."

ஒரு கல்யாண வீட்டில் மைக் சரியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லி அவன் கையில் கொடுத்தேன். வழக்கமாக 'ஹலோ, ஹலோ' என்பான். அன்றைக்கு அந்தப் பாட்டை அவிழ்த்து விட்டான். பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி யாரத் திட்டுறாரு?" என்று விசாரித்தார். மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு பர்மாக்காரர் மட்டும் சாப்பாட்டை விட்டு எழுந்து மேடைப் பக்கம் வந்தார். பாட்டு சி.டி. போடுகிற ஸ்டூடியோ முதலாளி. அவர் பாட்டைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் ரங்கூன் பாட்டுத் தொழிலில் ஒரு வழக்கம். வெளிநாட்டு மெட்டை அப்படியே எடுப்பார்கள். அதில் பர்மியச் சொல்லைப் போடுவார்கள். அந்த வெளிநாட்டுப் பாடகன் மாதிரியே ஒருவனுக்கு உடுப்பு மாட்டிப் பாட வைப்பார்கள். மெட்டுப் போட்டவன் கோபித்துக்கொள்ளமாட்டான், அவனுக்குத் தெரிந்தால்தானே. இந்த முதலாளியிடம் இங்கிலீஷ் ராக்குக்கு ஒருவன் இருந்தான், கொரியக் காதலுக்கு ஒருவன் இருந்தான். லத்தீன் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"உங்க மருமகன் முகத்துக்கு கொரியாக்காரன் வேஷம் பொருந்தாது, லத்தீன் பொருந்தும்" என்றார் என்னிடம். "ஆனா ஒண்ணு. இவரு இங்கதான் பொறந்தாருன்னு யாருக்கும் தெரியக்கூடாது. வெளிய வாயே தெறக்கக்கூடாது. அம்மா பேசுற தமிழும் வெளிய கேக்கக்கூடாது."

வாயால் பிழைத்தவனை வாயை மூடச் சொல்லிப் பாடகன் ஆக்கினார்கள். மருமகன் அதற்கும் சந்தோஷமாகத் தலையாட்டினான். முதலாளியை 'சயா' என்று கூப்பிட ஆரம்பித்தான். வாத்தியாரைக் கூப்பிடுகிற சொல் அது, படியளக்கிறவரையும் அப்படியே கூப்பிடலாம்.

பாட்டு வெளிவர வேண்டுமானால் அரசாங்கத் தணிக்கைக்கு எழுத்தைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டுக்காரன் என்று ஆனதால் இவனுக்கு மட்டும் ஸ்பானிஷ் சொல்லையே விட்டுவிட்டார்கள். அதற்கு அர்த்தம் கேட்பார்களே என்று, மழைக்காலத்தையும் தாய்ப்பாசத்தையும் பற்றிய பாட்டு என்று முதலாளியே எழுதிக் கொடுத்தார். கப்பல்காரரிடம் சொன்னபோது அவர் டீ புரையேறிச் சிரித்தார். அந்தத் துறைமுகத்தில் அவருக்கு ஒரு சிநேகிதி இருந்தாளாம், அவள் அர்த்தம் சொல்லியிருக்கிறாள். பாட்டு முழுக்க ஒரு பெண்ணின் இடுப்பாம். தாய்ப்பாசம் மருந்துக்கும் கிடையாதாம்.

அட்டைப் படம் எடுக்க மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போனோம். என் மைக்செட் வேனில்தான். லத்தீன் நாட்டிலிருந்து வந்து இறங்குகிற மாதிரிப் படம் வேண்டுமாம். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலி, கையில் ஒரு பெரிய பெட்டி. பெட்டிக்குள் காற்று. வாசல் பக்கமாக உள்ளே போய்த் திரும்பி வெளியே நடந்து வந்தான். போட்டோகிராபர் பின்னாலேயே நடந்து எடுத்தான். டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "டாக்ஸி சார், டாக்ஸி சார்" என்றார்கள். அதில் ஒருவன் முன்னே க்யிம்யிண்டைங் பஸ் ஓட்டியவன்.

"ஏய், நம்ம ஸ்பேர். எந்த ஊருடா போயிட்டு வர்ற?"

மருமகன் கண்ணாடிக்குள் விழித்தான். வாயைத் திறக்கக்கூடாதே. நான் முன்னால் போய், "அவர் வெளிநாட்டுக்காரர், பர்மிய மொழி புரியாது" என்றேன்.

"புரியாதா? போன மழைக்கு எங்கிட்ட வாங்கின குடைய இன்னும் தரல, அது புரியுமா கேளுங்க."

லத்தீன் பாடகர் வேகமாக நடந்து என் வேனில் ஏறிக்கொண்டார்.

சி.டி. வந்தது. படம் ஒட்டாத டீக்கடை இல்லை. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். இதே மூக்கு, இதே கறுப்பு, இதே முடியோடு அவன் பஸ்ஸில் தொங்கியபோது, டிக்கெட் வாங்குகிற பெண் அவன் விரல் தன் விரலில் பட்டுவிடாமல் காசைப் போடுவாள். கண்ணாடி மாட்டி, ஊர்ப் பேரை மாற்றியதும் அவளே படத்தை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்கிறாள். நம்முடைய முகத்தில் குறையில்லை, அது எந்த ஊரிலிருந்து வந்தது என்பதில்தான் குறை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்களா? கோயில் கமிட்டியில் இருந்தவர்களே என்னிடம் வந்து, "அந்த லத்தீன் பையனப் பார்த்தா நம்ம ஜாடையா இல்ல?" என்றார்கள். இவன் காதுகுத்துக்குச் சாப்பிட்டவர்கள்.

படம் ஒட்டினார்களே தவிர மேடை கிடைக்கவில்லை. பஸ் வேலையை விட்டுவிட்டு, வெளியே பேசவும் முடியாமல், கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான். தங்கச்சியால் அதைப் பார்க்க முடியவில்லை. முருகனிடம் போனாள். 'என் பிள்ளைக்கு ஒரு நல்ல மேடை கொடு, வருகிற பங்குனி உத்திரத்துக்கு அவன் முடியை உனக்குக் கொடுக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டாள். அந்த முடி அவளுக்கு எப்போதும் ஆகாது, ரௌடி மாதிரி இருக்கிறது என்பாள். சாமிக்குக் கொடுத்த மாதிரியும் ஆச்சு, தனக்கும் நிம்மதி.

முருகன் கேட்டுவிட்டார். கேட்ட வேகம்தான் தப்பு. திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு நகரத்துப் பெரிய மேடை ஒன்றில் பாட இவனுக்கு அழைப்பு வந்தது. அதில் நன்றாகப் பாடினால் இரண்டாவது சி.டி. போடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். இல்லையென்றால் வேறு ஆள் என்றும் சொல்லிவிட்டார். திஞ்ஜான் ஏப்ரல் நடுவில். பங்குனி உத்திரம் அதற்குக் கொஞ்சம் முன்னால். அதாவது, முடியால் கிடைத்த மேடைக்கு முடி இல்லாமல் போக வேண்டும்.

வெறும் மொட்டை என்றால் சமாளித்திருப்போம். திஞ்ஜான் சமயத்தில் பர்மாக்காரர்கள் புண்ணியத்துக்காகச் சில நாள் தலையை மழித்துக் காவி உடுத்துவார்கள். பொங்ஜி ஆவது என்பார்கள், பிக்கு ஆவதைத்தான். அந்த நேரத்தில் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்தால் கை தானாகக் குவியும். அப்படிப்பட்ட தலையோடு ஒருவன் மேடையேறி, தொப்புள் தெரிய ஆடுகிற பெண்களுக்கு நடுவே இடுப்பை ஆட்டினால் என்ன ஆகும்? முதலாளி கேட்டதுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் தங்கச்சியிடம் போனேன். நியாயம் பேசுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

"இங்க பாரு. நீ மேடை கேட்ட. இன்னும் ஏறலயே. ஏறி எறங்கினாத்தான குடுத்ததா அர்த்தம்? அடுத்த பங்குனிக்கு அடிச்சிக்கலாம். சாமி எங்க ஓடிப் போறாரு?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உன் மச்சான் நோயில படுத்தப்பவும் வேண்டிக்கிட்டேன், அண்ணே. எந்திரிச்சு உக்காந்தாரு. கையில காசில்ல, அடுத்த வருஷம் செய்யலாம்னு நீதான் சொன்ன. அடுத்த வருஷம் அவரு இல்ல."

வாசலில் நின்றிருந்த மருமகன், "அடிச்சிக்கிறேம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பங்குனி உத்திரத்தன்று காவடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, லத்தீன் நாட்டை முழுவதுமாக வழித்துக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வந்தான். பார்க்க எங்கள் ஊர்ப் பையன் மாதிரியே இருந்தான்.

இனி என் மூளைதான் வழி. நாடகக் கொட்டகைகளுக்கு சவரி முடி விற்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும். நல்ல பர்மிய முடி, எண்ணெய் மினுங்கும், இடுப்புவரை. வாங்கி, அழகு நிலையத்தில் கொடுத்து, சூட்டுக் கம்பியில் சுருட்டித் தைக்கச் சொன்னேன். தலையில் வைத்தபோது இவன் சொந்த முடியைவிட நன்றாக இருந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை பேரும் பார்த்தோம். முதலாளி, போட்டோகிராபர், சவரிக்காரி, நான். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் திஞ்ஜானில் நனைந்தவர்கள். அது தண்ணீர்த் திருவிழா என்பது ஒருத்தர் புத்தியிலும் ஏறவில்லை.

மேடைக்கு முன்னால் சாலை முழுக்க ஜனம். மேடையின் இரண்டு பக்கமும் வரிசையாக ரப்பர் குழாய் பிடித்த பிள்ளைகள். ஏரித் தண்ணீரை மோட்டாரில் இழுத்து அடிப்பார்கள், மூஞ்சியில் பட்டால் அறைந்த மாதிரி இருக்கும். மருமகன் கண்ணாடியோடு வந்தான். கூட்டம் கத்தியது. டும்-ச்சக-டும்-ச்சக. முதல் பாட்டு பிரமாதம். சவுண்ட் வேறொருத்தன் செட், அதிலும்கூட நன்றாகத்தான் கேட்டது.

இரண்டாம் பாட்டில் குழாய்ப் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அன்புக்குத்தான் அடித்தார்கள். சவரி விழவில்லை. விழுந்திருந்தாலாவது ஒரே அவமானத்தோடு முடிந்திருக்கும். அது நேராகிவிட்டது. கம்பியில் சுருட்டிய சுருளெல்லாம் தண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றாக நீண்டு, லத்தீன் பாடகர் இருந்த இடத்தில், ஆற்றில் மிதந்து வந்த பொம்பளை ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடி கண்ணை மூடி, மூக்கை மூடி, வாய்க்குள் போனது. ஸ்பானிஷ் இருமலாக வந்தது. ஆடுகிற பெண்ணில் ஒருத்தி பயந்து மற்றவள்மேல் மோதினாள். கீழே என் பக்கத்தில் நின்ற முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

மருமகன் என்ன செய்வான்? மூச்சு விட வேண்டாமா? ஒரு கையால் அதைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான்.

வெயிலில் மொட்டைத் தலை பளிச்சென்றது. குழாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பொங்ஜி மேல் யார் தண்ணீர் அடிப்பார்கள்? ஆடுகிற பெண்கள் அவன்மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி மேடையின் ஓரத்துக்குப் போனார்கள். முன்வரிசைக் கிழவிகள் இரண்டு மூன்று பேர் கைகுவித்தார்கள். பாட்டு மட்டும் டும்-ச்சக என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு அமைதியை நான் ஸ்பீக்கருக்கு முன்னால் கேட்டதில்லை.

அப்போது நனைந்த கைலியோடு ஒருவன் கூட்டத்திலிருந்து கத்தினான்: "பொங்ஜியும் இல்ல, லத்தீனும் இல்லடா. இவன் நம்ம பஸ் கலா."

மருமகன் கண்ணாடியைக் கழற்றினான். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். வெளியே அவன் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சுத்தமான ரங்கூன் பர்மியத்தில், "ஆமாய்யா, கலாதான். சாமிக்கு முடி குடுத்த கலா. தண்ணிய ஊத்துங்க, வேகுது" என்றான்.

ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். குழாய்கள் மேலே எழும்பின. மூன்றாம் பாட்டை முழுக்கப் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினான். என் ரத்தம், பாதியில் விடாது.

திருவிழா முடிந்ததும் முதலாளி எங்களை டீக்கடைக்குக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டே போனோம். அவர் சிரித்த முகமாக மூன்று டீ சொன்னார். வியாபாரி என்றால் அவரல்லவா வியாபாரி, நாலு நாளில் புது வழி கண்டுபிடித்துவிட்டார்.

"கலான்னு சொன்னத மைக்ல ஒளறினதா விட்டுருவோம். இனிமே கத இது. லத்தீன் பாடகரு நம்ம நாட்டு மேல உள்ள பக்தில, திஞ்ஜானுக்கு முன்னாடியே பொங்ஜி ஆகிட்டாரு. அதுக்கு மழிச்ச தலைதான் அது. ஒரு மடத்துல பேசிட்டேன். காவி உடுத்தி, திருவோட்டோட ஒரு படம். ரெண்டாவது சி.டி. அட்டையே அதுதான். மூணாவதும் போடலாம்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. மருமகன் டீயைக் கீழே வைத்தான்.

"சயா, ஊரு பேர மாத்தினீங்க, சரின்னேன். அம்மா வாய மூடச் சொன்னீங்க, சரின்னேன். இந்த முடிய யாருக்குக் குடுத்தேன்கிறத மட்டும் மாத்தமாட்டேன்."

"யாரு வந்து கேக்கப்போறா?"

"வாங்கிக்கிட்டவரு ஒருத்தரு இருக்காரு. அதோட, காவி உடுப்புல எனக்கும் மரியாத உண்டு சயா. படத்துக்கு மாட்டுற துணியா அது?"

நான் மேசைக்கு அடியில் அவன் காலை அழுத்தி மிதித்தேன்.

"மாமா, கால எடுங்க" என்றான், தமிழில், நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி. ஸ்பேர் குரல். முதலாளி திடுக்கிட்டு யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு, இனி கேட்டால்தான் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்து போய்விட்டார். அடுத்த மழைக்குள் வேறு லத்தீன் ஒருவன் வந்துவிட்டான், மண்டலேக்காரன், முடி மட்டும் அழகு நிலையத்துச் சுருள். திஞ்ஜானுக்கு அவனை எப்படிக் காப்பாற்றினார்களோ தெரியாது.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். பிள்ளை தன் வேண்டுதலுக்காகத் தொழிலையே விட்டான் என்று தங்கச்சி உருகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"முடி போச்சா? போச்சு. அவருக்குப் போய்ச் சேந்துச்சா? சேந்துச்சு. அப்புறம் வாயால என்ன சொன்னா அவருக்கென்ன? அவருக்குத் தெரியாதா? ரெண்டாவது சி.டி.ய விட்டுட்டு வந்து நிக்கிற."

நான் வெளியே வந்து சிரித்துத் தீர்த்துவிட்டு உள்ளே போனேன். அதற்குள் அவள் விளக்கேற்றிப் புது வேண்டுதலை ஆரம்பித்திருந்தாள். இந்தத் தடவை முடி இல்லை, பால்குடம். அவளே எடுப்பதாக.

"என்னம்மா கேட்ட?" என்றான் அவன்.

"வேல."

"என்ன வேலன்னு சொன்னியா?"

"சொல்லல. அவரு இஷ்டம்."

அடுத்த வாரமே என் மைக்செட்டில் அவனைப் பாட்டுக்காரனாகச் சேர்த்துக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா, எங்கே வேண்டுமானாலும் சொந்த முகத்தோடு போய், மூன்று பாஷையில் பாடினான். கேட்டது அவள், கொடுத்தது நான். பால்குடம் மட்டும் என் வாசலைத் தாண்டி நேரே கோயிலுக்குப் போனது.